குடமே இல்லாத ஒழுங்கை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் ஏறுகிற ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஒன்றுக்கு உப்புக்கிணற்றடி ஒழுங்கை என்று பெயர். முப்பத்தெட்டு வீடுகள். அங்கே யார் வீட்டுக்குக் கடதாசி வந்தாலும், அது தண்ணீர்ப் பில்லோ, பள்ளிக்கூடத்துக் கடிதமோ, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டோ, முதலில் போய்ச் சேருவது நஜ்முன் நிஸாவின் கைக்குத்தான். ஒழுங்கைக்கு அவர் நிஸா ராத்தா.

படித்தவர்கள் இல்லாத ஒழுங்கை என்று நினைக்க வேண்டாம். கம்பஸ் போகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கடதாசியை நீட்டினால் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, "ஒண்டுமில்லை உம்மா, சைன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் ஃபோனுக்குத் திரும்பிவிடுவார்கள். நிஸா ராத்தா அப்படியில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிஸ்மி சொல்லி, முதல் எழுத்திலிருந்து அடியில் இருக்கிற அச்சகத்தின் பெயர் வரைக்கும் விரல் வைத்து வாசிப்பார். வாசித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, இன்ன இன்னது சொல்லியிருக்கு என்று சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மூதூரில் பிறந்தவர். யுத்தப் பிரச்சினை தொடங்கிய வருஷம் தாயும் தகப்பனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லாஞ்சி ஏறித் திருகோணமலை ரவுனுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பை அங்கேயே கிடந்துபோயிற்று. ஆனால் எழுத்தை அவர் விடவில்லை. சீனி சுற்றி வந்த பேப்பர்த் துண்டைக்கூட வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். கணவர் சரீப் வள்ளங்களுக்கு இயந்திரம் பழுதுபார்க்கிறவர். வாயில் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். நிஸா ஒரு வரி வாசித்து முடிக்கிறதுக்குள் மூதூர் லாஞ்சி போய்த் திரும்பி வந்துவிடும் என்பார். ஆனாலும் நிஸா வாசிக்காத கடதாசியில் அவரும் கையெழுத்து வைத்ததில்லை.

கையெழுத்து என்பது நிஸா ராத்தாவுக்குச் சின்ன விஷயமில்லை. அது சாட்சி. மறுமை நாளில் வாய் மூடிக்கொள்ளும், கை எழுந்து பேசும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். தன் கை நாளைக்கு எழுந்து என்ன பேசும் என்ற பயம் அவருக்கு எந்த நேரமும் உண்டு.

போன வருஷம் மாரி தொடங்குவதற்கு முன், நகரசபையிலிருந்து வீடு வீடாக ஒரு மஞ்சள் கடதாசி வந்தது. டெங்குக் காலம் வரப்போகிறது என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஒரு கேள்வி: உங்கள் வளவில் குடம்பி உண்டா? பக்கத்தில் இரண்டு பெட்டி, ஆம், இல்லை. அதற்குக் கீழே கையெழுத்து.

முதலில் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு லைலா. "இது என்ன கேக்குது ராத்தா?" என்றாள்.

நிஸா ராத்தா விரல் வைத்து வாசித்தார். குட. ம். பி. அப்படி ஒரு சொல்லை அவர் அதற்கு முன் கண்டதில்லை. தம்பி தெரியும், தும்பி தெரியும். குடம்பி? திரும்ப வாசித்தார். முன்னுக்குக் குடம் என்று பளிச்சென்று இருந்தது. பின்னுக்கு இருந்த அந்தப் பி, அச்சடித்தவன் விட்ட பிழையாக இருக்கலாம், இல்லாவிட்டால் சபைக் கந்தோரில் எழுதுகிறவர்கள் குடத்தை அப்படி நீட்டிச் சொல்லுவார்களாக்கும். இரண்டு கிழமைக்கு முன் ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ ஒன்று வந்து, தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று கத்திக்கொண்டு போனதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் பொருந்திவிட்டது.

"வெளியில தண்ணி நிறைச்சு வெச்ச குடம் இருக்கா எண்டு கேக்கிறாங்க" என்றார்.

அந்தப் பின்னேரம் உப்புக்கிணற்றடி ஒழுங்கையில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் குடம், அலுமினியக் குடம், வாய் உடைந்த மண்குடம், எல்லாம் கவிழ்ந்தன. கவிழ்த்தும் மனம் ஆறாமல் சிலர் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். லைலா தன் தாய்வீட்டுப் பித்தளைக் குடத்தை அலுமாரிக்கு மேலே ஏற்றி, துணி போட்டு மூடிவைத்தாள். பிறகு எல்லாரும் மனச்சுத்தத்தோடு இல்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். முப்பத்தெட்டு வீடும். நிஸா ராத்தாவும்தான்.

மாரி பிறந்தது. மூன்றாம் கிழமை லைலாவின் மகள் நப்லாவுக்குக் காய்ச்சல். பத்து வயதுப் பிள்ளை. இரண்டு நாள் பனடோல் கொடுத்துப் பார்த்து, மூன்றாம் நாள் பிள்ளை எழும்ப ஏலாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு என்று சொல்லி வார்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். துவாரகன் என்று பெயர் சொன்னார். முப்பது வயது இருக்கும், அமைதியான முகம். நப்லா வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு நிஸா ராத்தாவின் வாசலுக்கு வந்து, உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

"தாராளமா வாங்க தம்பி. எங்கட ஒழுங்கையில வெளியில ஒரு குடம்கூட இல்லை" என்றார் நிஸா ராத்தா.

துவாரகனுக்கு அது விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் வளவைச் சுற்றினார். குசினிக்குள் வந்து, பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாமா என்று கேட்டார். இழுத்தார். பின்பக்கம் அடியில் ஒரு தட்டு இருந்தது. பதினொரு வருஷம் அந்தப் பிரிட்ஜை வைத்திருக்கிறார், அப்படி ஒரு தட்டு இருப்பது நிஸா ராத்தாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தட்டில் இரண்டு விரல்கடைத் தண்ணீர். துவாரகன் கண்ணுக்கு மருந்து விடுகிற குழாய் போல ஒன்றால் அதை உறிஞ்சி, ஒரு வெள்ளைக் கோப்பையில் விட்டு, டோர்ச் அடித்து, ஒரு கண்ணாடி வில்லையை அவர் கையில் கொடுத்தார்.

நிஸா ராத்தா குனிந்து பார்த்தார். முதலில் தூசி என்று நினைத்தார். பிறகு அந்தத் தூசி வளைந்தது, நிமிர்ந்தது, தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியாத மயிர். ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகச் செய்து கோத்த மாதிரி. தன் குசினியில், தான் ஓதிக்கொண்டு சமைக்கிற இடத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில், இப்படி ஒரு உலகம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று அவருடைய வாய் தானாகச் சொன்னது. இத்தனை சின்னதுக்கு இத்தனை வேலைப்பாடு. இத்தனை சின்னது ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் படுக்கையில் விழுத்தும்.

"இது என்ன தம்பி? நாங்க இதைக் கூத்தாடி எண்டு சொல்றது. கிணத்துத் தொட்டியில சின்ன வயசில கண்டிருக்கிறன்."

"ஓம் அம்மா, அதுதான், நாளைக்கு நுளம்பாகிப் பறந்து கடிக்கிறது. நாங்கள் எழுதுறது குடம்பி எண்டு" என்றார் துவாரகன்.

நிஸா ராத்தா வில்லையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சொல்லை எப்படி வாசித்தார், லைலாவுக்கு என்ன சொன்னார், எத்தனை வீட்டில் குடம் கவிழ்ந்தது, எல்லாம். துவாரகனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வீடுமா என்று மட்டும் கேட்டார்.

முழு ரவுனுக்கும் வளவு பார்க்கப் பதினொரு ஆட்கள்தான் இருக்கிறார்கள், ஆம் என்று எழுதிய வீடுகளுக்கு முதலில் போகிறார்கள், இல்லை என்று கையெழுத்து வைத்த இடங்களுக்குக் கடைசியில் என்று விளக்கினார். உப்புக்கிணற்றடி ஒழுங்கையின் முறை தை மாதம். காய்ச்சல் வந்த வீட்டையும் அதை ஒட்டிய வீட்டையும் பார்க்கத்தான் இன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"கையெழுத்து வெச்ச கடதாசியை நான் மாத்த ஏலாது அம்மா. வியாழக்கிழமை சபையில சுகாதாரக் குழு கூடுது. ஊர்ச் சனம் யாரும் வந்து கொப்பியில பெயர் எழுதிப்போட்டுக் கதைக்கலாம். நீங்கள் வந்து சொன்னா அது பதிவாகும். பதிவானாத்தான் முறை மாறும்."

அவர் போன பிறகு நிஸா ராத்தா தட்டைத் தேய்த்துக் கழுவினார், மூன்று தரம். கழுவக் கழுவ, ஒழுங்கையில் இன்னும் முப்பத்தாறு வீட்டில் இழுத்துப் பார்க்காத பிரிட்ஜுகளும், பார்க்காத கூரைப் பீலிகளும், சிரட்டைகளும் கண்ணுக்குள் வந்தன. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

சரீப் அன்றைக்குப் பகிடி விடவில்லை. போய்ச் சொன்னால் எல்லா வீட்டையும் திறந்து பார்ப்பார்கள், சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவார்கள், கோட்டுக்கு இழுத்தாலும் இழுப்பார்கள், ஒழுங்கை முழுக்க உன்னைத்தான் ஏசும், பிறகு ஒருத்தரும் ஒரு துண்டுக் கடதாசி கொண்டுவரமாட்டார்கள் என்றார். அது உண்மை என்று நிஸா ராத்தாவுக்கும் தெரியும். அந்த ஒழுங்கையில் அவருக்கு இருந்த மரியாதை அந்தக் கடதாசிகள்தான்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். நப்லா சேலைன் ஏறியபடி கண்ணை மூடிக் கிடந்தாள். செதில் உரித்த மீன்போல வெளிறிப்போயிருந்த பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே, நிஸா ராத்தா லைலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன்னுடைய பிரிட்ஜுக்குப் பின்னால் கண்டதையும் சொன்னார்.

லைலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"தெரியாத சொல்லைத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றாள். பிறகு முகத்தைப் பிள்ளையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சுபஹு தொழுது, இரண்டு ரக்அத்து அதிகமாகத் தொழுது, நிஸா ராத்தா சபைக்கு நடந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் போவது அதுதான் முதல் தரம். ஒரு பெண்பிள்ளை கொப்பியை நீட்டியது. பெயர், ஒழுங்கை, விஷயம். விஷயம் என்ற இடத்தில் அவர், குடம்பி என்ற சொல், என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

கூட்டம் தொடங்க நேரமிருந்தது. இருந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தார். ரவுன் முழுக்க அந்தப் படத்தில் இருந்தது. கோட்டை மேடு, மீன் வாடி, பஸ் நிலையம், வடக்கே உப்புவெளிப் பக்கம் போகிற றோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசிமணி அளவில் ஒரு பெட்டி. விரல் வைத்துத் தேடினார். உப்புக்கிணற்றடி ஒழுங்கை இருந்தது. முப்பத்தெட்டுப் பெட்டியும் இருந்தன. அவருடைய வீடும் இருந்தது. பின்னுக்கு இறக்கிய குசினிகூட ஒரு சின்ன மூலையாக நீண்டு இருந்தது. எல்லாம் பச்சை; பச்சை என்றால் இல்லை என்று படத்தின் ஓரத்தில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு வீட்டில் மட்டும் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது. அது நப்லா.

நிஸா ராத்தா விரலை அந்த ஊசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நப்லாவை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது கிண்ணியாவில் இருக்கிற லைலாவின் சொந்த மாமிக்கே இன்னும் தெரியாது. அதற்குள் யாரோ ஒருவர், அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்டிராத ஒருவர், ஊசி எடுத்து, சரியான அரிசிமணியைத் தேடிக் குத்தியிருக்கிறார். ஊரில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இங்கே ஒரு ஊசி ஏறும். இரண்டு தோளிலும் இருந்து நன்மை தீமை எழுதுகிற மலக்குகளைப் பற்றி அவருக்குத் தெரியும். மனுசரும் இப்படி இருந்து எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அப்படி எழுதுகிற இடத்தில் தன் சொல்லால் முப்பத்தெட்டுப் பச்சை ஏறியிருக்கிறதே என்று நினைத்து, அந்தப் பச்சைகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேசை, சுற்றி ஏழெட்டுப் பேர். சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் பூரணி நடுவில் இருந்தார், நரை விழுந்த தலை, பருத்திச் சேலை. துவாரகன் ஒரு ஓரத்தில். பஹ்மி என்ற உறுப்பினர் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் மழைக்குள் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

மூன்று நிமிஷம் என்றார்கள். நிஸா ராத்தாவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. தான் பிழையாக வாசித்ததையும், தான் சொல்லித்தான் ஒழுங்கை கையெழுத்து வைத்ததையும், அந்தக் கையெழுத்து பொய் என்பதையும் சொன்னார். தன்னைக் கோட்டுக்குக் கொண்டுபோனாலும் பரவாயில்லை, தை மாதம் வரைக்கும் மட்டும் விடாதேங்கோ என்றார்.

பஹ்மி தொண்டையைச் செருமினார். கடதாசி தெளிவான தமிழில் அச்சடித்தது, பாடசாலைப் புத்தகத்தில் இருக்கிற சொல், முப்பத்தெட்டு வீடும் ஒரே மாதிரிப் பிழை விட ஏலுமா, நோட்டீசுக்குப் பயந்து சொல்லுகிற கதையாகவும் இருக்கலாம் என்றார்.

டொக்டர் பூரணி மேசையில் இருந்த தாளைக் கிழித்து, சுற்றியிருந்த எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தார். குடம்பி என்றால் என்ன என்று எழுதுங்கோ, பெயர் போட வேண்டாம் என்றார். எழுதினார்கள். டொக்டர் ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். நுளம்பின் முட்டை. நுளம்பின் குஞ்சு. ஒரு வகைப் பூச்சி. தண்ணீர்ப் பாசி. சரியாக எழுதியவர்கள் மூன்று பேர். கடைசித் துண்டை வாசிக்கும்போது டொக்டரின் உதடு கொஞ்சம் துடித்தது.

"சின்னக் குடம்" என்று வாசித்தார்.

மேசை முழுக்கச் சிரித்தது. ஜன்னல் பக்கத்துக் கதிரை மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிஸா ராத்தா சிரிக்கவில்லை. அவருக்குச் சின்னக் குடத்தின் மேல் இரக்கமாக இருந்தது.

பிறகு டொக்டர் எழுந்து நின்றார். எழுந்து நின்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

"இந்த அம்மா பிழையா வாசிக்கேல்லை. நாங்கள் பிழையா எழுதியிருக்கிறம். அந்தக் கடதாசி என்ர பணிமனையில எழுதினது. முப்பத்தெட்டும் செல்லாது எண்டு பதியுங்கோ. பிழை எங்கட எண்டும் பதியுங்கோ."

எழுதுகிற பெண்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதியது. நிஸா ராத்தா அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு படிப்புப் படித்த மனுசி. ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் நின்று பிழை எங்கட என்கிறார். சொல்லிவிட்டு மறக்கலாம். மறக்காமல் இருக்க எழுதியும் வைக்கச் சொல்கிறார். தன் கையே தனக்கெதிராகச் சாட்சி எழுதுவதை மறுமைக்கு முன்னே இந்தத் துன்யாவிலேயே செய்கிற மனுசர் இருக்கிறார்கள். அவருடைய கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

புதிய கடதாசிக்கு என்ன சொல் போடுவது என்று கதை வந்தது. உங்கட பக்கத்தில் என்ன சொல்வீர்கள் என்று டொக்டர் கேட்டார். கூத்தாடி என்றார் நிஸா ராத்தா. சபையின் முத்திரை வைத்த கடதாசியில் கூத்தாடி என்று அடிக்கிறதா, நாளைக்குக் கூத்துக்காரர் வந்து வாசலில் நிற்பார்கள் என்றார் ஒருவர். ஆடுறது அதுதானே என்றார் டொக்டர். கடைசியில், தண்ணீரில் நெளிகிற கூத்தாடிப் புழு என்று முடிவாயிற்று. பக்கத்தில் பெரிதாக ஒரு படமும்.

அடுத்த நாள் காலை துவாரகனும் நாலு பேரும் உப்புக்கிணற்றடி ஒழுங்கைக்கு வந்தார்கள். நிஸா ராத்தா முன்னுக்கு நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான்தான் பிழையாச் சொன்னனான், கூத்தாடியைத்தான் கேட்டிருக்கிறாங்க, என்று தன் வாயாலேயே சொன்னார். முப்பத்தேழு தரம். சில பேர் பரவாயில்லை ராத்தா என்றார்கள். சில பேர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில், படிக்காதவ படிச்சவ மாதிரி இருந்தா இதுதான், என்று குசினிக்குள்ளிருந்து அவர் காதில் விழும்படி சொன்னார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

பன்னிரண்டு வீட்டில் கூத்தாடி இருந்தது. பிரிட்ஜ் தட்டில் ஐந்து, கூரைப் பீலியில் நாலு, பூச்சட்டியில் இரண்டு, துவாரகன் முதல் தரம் வந்து போன பிறகு சரீப் வளவில் கொண்டுவந்து போட்ட பழைய இயந்திர மூடியில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைக் கண்டதும் சரீப், என்ர மனுசிக்குக் கூட்டுக் களவாளி வேணுமெண்டு நான்தான் வெச்சனான் என்றார். பல நாளைக்குப் பிறகு நிஸா ராத்தா சிரித்தார். சிவப்பு நோட்டீஸ் ஒருவருக்கும் ஒட்டவில்லை. கேள்வி பிழை என்றால் பதிலுக்குத் தண்டம் இல்லை என்று குழுவில் எழுதியாயிற்று என்றார் துவாரகன்.

அந்த மாரியில் ஒழுங்கையில் வேறு ஊசி ஏறவில்லை. நப்லா எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்துபோய், சோறு வேண்டாம், ஐஸ்கிறீம் வேணும் என்று தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கடதாசிகள் குறைந்தன. முன்னைப்போல ஒருவரும் ஓடிவரவில்லை. நிஸா ராத்தா அதை ஏற்றுக்கொண்டார். கண்ணாடி கூட்டுக்குள் கிடந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் டொக்டர் பூரணி நேரில் வந்தார். கையில் ஒரு தாள், இன்னும் அச்சுக்குப் போகாதது. இனிமேல் சபையிலிருந்து சனங்களுக்குப் போகிற எந்தக் கடதாசியும், ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் வாசித்து, விளங்கியதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும் என்று குழு தீர்மானம் எடுத்திருக்கிறதாம். அந்த ஒருவராக முதலில் எழுதிய பெயர் நஜ்முன் நிஸா.

பக்கத்து வீட்டு லைலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

நிஸா ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பிஸ்மி சொன்னார். குப்பை எடுக்கிற நாட்கள் பற்றிய கடதாசி. விரல் முதல் வரியில் ஊர்ந்தது. கிழமையில் இரண்டு நாள், சரி. பை கட்டி வைக்க வேணும், சரி. மூன்றாம் வரியில் திண்மக் கழிவு என்று ஒரு சொல் வந்தது. விரல் நின்றது. தின்கிறதாக்கும், சாப்பாட்டு மிச்சத்தைச் சொல்லுகிறார்களாக்கும் என்று மனது ஓடியது. பளிச்சென்று பொருந்தியது.

அவர் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கதவு நிலையில் நின்ற லைலாவைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார்.

"இந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்றார்.

டொக்டர் பேனையின் மூடியைக் கழற்றினார்.